வாழ்த்து அனுப்பாத வீடு

பழைய குற்றாலம் போகும் வழியில் ஒரு தோப்பு வீட்டு வாசலில் நாங்கள் மூங்கில் கிளை ஒன்றை நட்டு வைத்திருந்தோம். ஜூலை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. சாரல் நின்றும் பெய்துமாக இருந்தது. ஜப்பானில் அதைத் தனபாத்தா என்பார்கள். வண்ணத்தாளைக் கீற்றுக் கீற்றாக வெட்டி, மனதிலுள்ள வேண்டுதலை எழுதி மூங்கிலில் கட்டுகிற பண்டிகை. கைபேசிக் குழு ஒன்றில் ஜப்பானிய மொழி படிக்கிறவர்கள் பதினெட்டுப் பேர் வந்திருந்தோம். அதுவரை ஒருவரையொருவர் கைபேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தவர்கள். சாரலில் எல்லோருடைய எழுத்தும் கரைந்து நீலமாக வழிந்தது. புளியறையிலிருந்து வந்திருந்த நர்ஸ் மட்டும் பால்பாயிண்ட் பேனாவில் அழுத்தி எழுதியிருந்தாள். "தாத்தா பாட்டிகளின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்." முதியோரைப் பராமரிக்க வேண்டும் என்றல்லவா எழுத வேண்டும் என்று சென்செய் திருத்தப் போனார். "இல்ல சென்செய், மொதல்ல கையப் புடிக்கணும். மத்ததெல்லாம் பொறவுதான்" என்றாள். அன்று எடுத்த குழுப்படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய சாப்பாட்டுக்கும் பரிசுகளுக்கும் ஏற்பாடு செய்தவர் மட்டும் அதில் இல்லை. அவர் வரவில்லை. அவரை நாங்கள் யாரும் ஒருநாளும் நேரில் பார்த்ததில்லை.

சென்செய் என்றால் ஜப்பானிய மொழியில் ஆசிரியர். எங்கள் சென்செய் நகோயா பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல வருடங்கள் இருந்துவிட்டுத் தென்காசிக்குத் திரும்பியவர். நான் இலஞ்சியில் வீட்டிலிருந்தபடியே ஒரு சென்னை நிறுவனத்துக்காக இயந்திரக் கையேடுகளை ஜப்பானியத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் சேர்ந்துதான் கைபேசியில் அந்தக் குழுவைத் தொடங்கினோம். அவர் இலக்கணம் நடத்தினார். ஆட்களைச் சேர்ப்பதும் தக்கவைப்பதும் என் பொறுப்பு. முதல் மூன்று மாதம் கலகலவென்று இருந்த குழு பிறகு அடங்கிப்போனது. பாடத்தைப் பார்ப்பார்கள், பதில் போட மாட்டார்கள். ஒரு பொங்கலன்று, "உங்கள் வீட்டுப் பொங்கலை மூன்று வரி ஜப்பானியத்தில் எழுதுங்கள்" என்று சும்மா கேட்டுப் பார்த்தேன். அன்று குழுவே நிரம்பி வழிந்தது. துபாயில் தனியாக இருந்தவர் எழுதினார். விடுதியில் இருந்த பெண் எழுதினாள். பண்டிகை நாளில் மனிதர்கள் யாரோ ஒருவருடைய கேள்விக்காகக் காத்திருக்கிறார்கள் என்று அப்போது எனக்குத் தெரிந்தது. அதன்பின் ஜப்பானியர் பண்டிகை, நம் பண்டிகை எதையும் விடவில்லை. அது என் கெட்டிக்காரத்தனம் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒசாகா அண்ணாச்சி வந்தது அந்தத் தனபாத்தாவுக்கு ஒரு மாதம் முன்பு. குழுவில் எல்லோரும் அப்படித்தான் அவரை அழைத்தோம். ஒசாகாவில் வேலை, ஊர் நம்ம பக்கம்தான் என்றார். பேச்சும் அப்படித்தான் இருந்தது. "பிள்ளைய படிக்குதுவ, நாம ஒதவாம யாரு ஒதவுவா?" என்று குரல் பதிவு அனுப்புவார். தனபாத்தாச் சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்து, பரிசுகளைத் தூதஞ்சலில் அனுப்பி வைத்தவர் அவர்தான். ஒவ்வொரு பண்டிகைக்கும் யார் என்ன எழுதுகிறார்கள் என்று வாசித்து, ஒவ்வொருவருக்கும் தனியாகப் பாராட்டு எழுதினார். எழுத்தில் யார் கெட்டி, யாருக்கு வீட்டில் கஷ்டம், யார் எப்படியாவது போய்விடத் துடிக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த வாசிப்பில் அவருக்குத் தெரிந்திருக்கும். அதை நான் யோசிக்கவில்லை.

நர்ஸ் எழுத்தில் கெட்டி. தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பகல் வேலை. புளியறைக்குத் திரும்பும் பேருந்தில் தினமும் ஐம்பது சொல். அப்பா சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில் லாரிக்காரர்கள் நிற்கிற இடத்தில் டீக்கடை வைத்திருந்தார். ஜப்பானில் முதியோர் இல்ல வேலைக்கான தேர்வுக்கு அவள் தயாராகிக்கொண்டிருந்தாள். செப்டம்பரில் ஒசாகா அண்ணாச்சி அவளிடம் தனியாகப் பேசினார்: தேர்வெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம், இப்போதே ஓர் இல்லத்தில் இடம் இருக்கிறது, முதலில் பாங்காக்கில் ஒரு மாதப் பயிற்சி.

"ஜப்பானுக்குப் போறதுக்கு எதுக்கும்மா பாங்காக்?" என்று சென்செய் என்னிடம் கேட்டார். "அந்த ஆள்ட்ட நீங்க ஒரு வார்த்தை கேளுங்க." கேட்டேன். எவ்வளவு பணிவாகக் கேட்டேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. தீபாவளிப் போட்டிக்கு அவர் பரிசு தருவதாகச் சொல்லியிருந்த வாரம் அது. அவர் சிரித்தபடி ஒரு குரல் பதிவு அனுப்பினார்: "சந்தேகப்படுதது நல்லதுதான் தங்கச்சி. நானே அப்படித்தான் போனேன்." நான் அதை அப்படியே சென்செய்க்கு அனுப்பினேன். அக்டோபரில் அவள் கிளம்பினாள்.

அதற்குப் பிறகு நடந்தவை ஒவ்வொன்றும் சிறியவை. தீபாவளிக்கு அவளிடமிருந்து ஒற்றை வரி வாழ்த்து, அதுவும் ஆங்கிலத்தில். 'ஒசாகா வந்துவிட்டேன்' என்று நவம்பரில் ஒரு படம் அனுப்பினாள். குளிர்காலம் தொடங்கிவிட்ட ஊரில் மெல்லிய பருத்திச் சட்டையோடு நின்றாள். பின்னால் சுவரில் ஒரு பல்லி. ஹீட்டர் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே மாதம் இலையுதிர்காலப் படப்போட்டி வைத்தோம். அவள் ஒரு கோயில் வாசலில் சிவந்து நிற்கிற மரத்தின் படத்தைப் போட்டாள். அன்று சாயங்காலம் சென்செய் தொலைபேசியில் கூப்பிட்டார். "இது அவ எடுத்த படம் இல்ல. போன வருசம் பாடத்துக்காக நான் போட்ட படம். என் படத்த எனக்கே அனுப்புதா. ஏன் அனுப்புதா?" அவளைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டாள். சற்று நேரம் கழித்து "நலம், வேலை அதிகம்" என்று எழுத்தில் வரும். எப்போதும் அதே மூன்று சொற்கள்.

ஜப்பானில் புத்தாண்டு பிறக்கும்போது நமக்கு இரவு எட்டரை. டிசம்பர் கடைசி நாளில் அந்த நேரத்துக்கு எல்லோரும் குழுவில் கூடி வாழ்த்துச் சொல்வது எங்கள் வழக்கம். அந்த வருடம் அவள் வரவில்லை. மறுநாள் காலை, அடுப்பில் பால் வைத்திருந்தேன். அவளிடமிருந்து செய்தி வந்தது. நாலு வரி, முழுக்க ஜப்பானிய எழுத்தில். படித்து முடிக்குமுன் பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

ஜப்பானில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருடம் அவர்கள் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவதில்லை. "நாங்கள் துக்கத்தில் இருக்கிறோம், வாழ்த்துச் சொல்ல இயலாததற்கு மன்னிக்கவும்" என்று ஓர் அட்டை மட்டும் போடுவார்கள். மோச்சூ என்று அதற்குப் பெயர். நம் வீடுகளிலும் தீபாவளியோ பொங்கலோ துக்க வருடத்தில் இல்லையல்லவா, அதுபோல என்று முந்தின வருடம் நான்தான் குழுவில் விளக்கியிருந்தேன். அவள் அனுப்பியிருந்தது அந்த வாசகம். ஒரு சொல் மாறாமல்.

அப்பா போய்விட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த பேருந்தில் செங்கோட்டை போய், அங்கிருந்து புளியறைக்கு வண்டி மாறினேன். சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. டீக்கடையில் கூட்டம். அவள் அப்பா பாய்லருக்குப் பின்னால் நின்று டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாங்கம்மா, வாங்க. என்ன இவ்வளவு தூரம்? மவ ஒங்களப் பத்தித்தான் சொல்லிக்கிட்டே இருப்பா."

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா? அம்மா?"

"அவளுக்கென்ன, உள்ளதான் வடைக்கு அரைச்சிக்கிட்டு இருக்கா. ஏட்டி, இங்கன வா, யாரு வந்திருக்காவன்னு பாரு!"

மாவு ஒட்டிய கையோடு அம்மா வந்தார். அவள் தம்பி ராணுவத்தில், காலையில்தான் பேசினானாம். அந்த வீட்டில் ஒருவரும் சாகவில்லை. எல்லோரும் என் கண் முன்னால் உயிரோடு, சிரித்துக்கொண்டு நின்றார்கள். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு பயத்தை நான் அறிந்ததில்லை. அவர் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, இவர்களிடம் எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு, அவள் அனுப்பிய துக்கச் செய்தியையும், அது பொய் என்றால் அவள் ஏதோ சிக்கலில் இருக்கிறாள் என்பதையும் சொன்னேன். நான் முடித்ததும் அவர் பாய்லரை அணைத்தார். வாசலில் நின்ற லாரிக்காரர்களிடம், "கடை இல்ல, போங்க" என்றார்.

மனு, விசாரணை, மறுபடியும் மனு என்று நாலு மாதம் போனது. ஒசாகா அண்ணாச்சியின் எண் நாங்கள் மனுக் கொடுத்த வாரத்திலேயே அணைந்தது. அவர் வைத்திருந்த படம் வேறு யாருடையதோ என்று பிறகு தெரிந்தது. அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. ஏப்ரல் கடைசியில் பாங்காக்கைத் தாண்டி, அந்த நாட்டு எல்லைக்கு அப்பால் ஒரு கட்டடத்தில் சோதனை நடந்து, அடைத்து வைக்கப்பட்டிருந்த பலரோடு அவளும் மீட்கப்பட்டாள். அவள் ஜப்பானுக்குப் போகவே இல்லை.

மே மாதத்தில் ஒரு நாள் அவளாகவே இலஞ்சிக்கு என்னைப் பார்க்க வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். கைபேசி இல்லை, இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

"தமிழ்ல எழுதினா படிக்கதுக்கு ஒருத்தன் இருந்தான்க்கா. இங்கிலீசுக்கு ஒருத்தன். ஜப்பான் எழுத்துல எனக்கு மேல தெரிஞ்சவன் எங்க அறையில இல்ல. வாழ்த்தான்னு கேட்டான். ஆமான்னேன். அனுப்பிக்கோன்னுட்டான். பொய்யின்னு தோணலக்கா எனக்கு. எங்க வீட்ல ஒரு ஆளு செத்துத்தான போச்சு, அது நாந்தான்னு நெனச்சித்தான் எழுதினேன்."

அவளுக்கு அங்கே கொடுத்த வேலையையும் சொன்னாள். ஜப்பானில் தனியாக வாழும் முதியவர்களுக்குக் கைபேசியில் எழுத வேண்டும். பழக வேண்டும். நம்பிக்கை வந்தபின் அவர்களுடைய சேமிப்பை வாங்க வேண்டும். மறுத்த முதல் வாரம் என்ன செய்தார்கள் என்று அவள் சொல்லவில்லை; நானும் கேட்கவில்லை.

"வெறும் நாள்ல எழுதினா பதில் வராது. பண்டிகைக்கு எழுதினா ஒடனே வரும். அதக் கண்டுபிடிச்சுச் சொன்னது நாந்தான்க்கா. எந்தப் பண்டிகைக்கு என்ன எழுதணும்னு எல்லாருக்கும் நாந்தான் எழுதிக் குடுத்தேன். நீங்க சொல்லித் தந்ததெல்லாம் அங்கன அப்படியே வேலைக்கு ஆச்சு."

அவள் குற்றம் சாட்டவில்லை. அது எனக்குத் தெரியும். நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். அவள் குடித்தாள். அன்றே சென்செய்யிடம் சொல்லி, இனிக் குழுவில் பண்டிகை கிடையாது, இலக்கணம் மட்டும்தான் என்று முடிவு செய்தேன். இரண்டே மாதத்தில் குழு ஏறக்குறைய ஒழிந்துபோனது. நான் வருத்தப்படவில்லை.

அவள் வந்ததற்கு வேறு காரணம் இருந்தது. அங்கே அவள் எழுத வேண்டியிருந்த முதியவர்களில், ஜப்பானின் கடலோர ஊர் ஒன்றில் இருந்த பாட்டி ஒருத்தி தினமும் அவளுக்கு எழுதியிருக்கிறாள். என்ன சமைத்தாள், முழங்கால் எப்படி வலிக்கிறது என்றெல்லாம். முழங்காலுக்கு இவள் ஒத்தடமும் பயிற்சியும் சொல்லியிருக்கிறாள். "அது ஒன்னுதான்க்கா நான் நெசமாச் சொன்னது. வலி கொறஞ்சிட்டுன்னு எழுதினாவ." ஏதோ பார்சல் அனுப்ப வேண்டும் என்று பாட்டி தந்த முகவரி இவளுக்கு மனப்பாடமாக இருந்தது. உண்மையைக் கடிதமாக எழுத வேண்டும், அதற்குத்தான் வந்திருந்தாள். என் மேசையில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் எழுதினாள். கொண்டுபோய்க் காட்டியபோது சென்செய் அதில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தவில்லை.

கடிதம் ஆடி மாதத்தில் திரும்பி வந்தது. அனுப்புநராகச் சென்செய்யின் முகவரிதான் போட்டிருந்தோம். நானும் அவளும் அவர் வீட்டுக்குப் போனோம். உறை பிரிக்கப்படவில்லை, மேலே ஜப்பானிய எழுத்தில் சிவப்பு முத்திரை. சென்செய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "இந்த முகவரியில ஆள் இல்லன்னு போட்டிருக்கு."

"செத்துட்டாவளா சென்செய்? இல்ல வீட்ட வித்துட்டுப் போயிட்டாவளா?"

"அத இதுல போட மாட்டாவம்மா."

அவள் உறையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே சாரல். ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தவர்கள் ஈர வேட்டியோடு தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தவள், ஜப்பானிலும் ஆகஸ்டில் இதுபோல நாட்கள் வரும்தானே என்றாள். ஆமாம், ஓபோன்; செத்தவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிற நாட்கள், சொந்தங்களும் ஊர் திரும்புகிற நாட்கள் என்றேன்.

"அந்தப் பாட்டி கடைசியாக் கேட்டது அதுதான்க்கா. பணமெல்லாம் போன பொறவுதான் கேட்டாவ. ஓபோனுக்கு நீ வருவியா, ஒனக்குப் படுக்கை விரிச்சு வைக்கவான்னு."

"நீ என்ன எழுதின?"

உறையின் ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

"வருவேன்னு."