வளவின் நடுவில் வைத்த வீடு

பம்பாயில் படித்துவிட்டு வந்த கட்டடக் கலைஞன் என்ற கொழுப்பு எனக்கு நிறையவே இருந்தது. ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஓலைக் குடிசைகளில் இருந்த மருதமுனை நெசவாளருக்கு அரசாங்கம் கல்வீடு கட்டியபோது வரைபடம் போட்டவன் நான்தான். வேலி அடைத்த ஒவ்வொரு சின்ன மனை வளவிலும் வீட்டைச் சரி நடுவில் வைத்தேன். நாலு பக்கமும் காற்று வரும், வெளிச்சம் வரும் என்று விளக்கம் வேறு. திறப்பு விழாவில் மாலை போட்டார்கள். வெட்கமில்லாமல் கழுத்தை நீட்டினேன்.

சில வருடம் கழித்து அந்தப் பக்கம் போனேன். ஒரு நெசவாளரின் மனைவி, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், கண்டதும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். முன்கதவால் நுழையப் போனேன்.

"அதால இல்ல தம்பி. அது இப்ப மூத்த மகள்ட வீடு. நாங்க பின்னால, சமைக்கிற குசினிக்குள்ள."

எங்கள் பகுதியில் மகளைக் கட்டிக்கொடுத்தால் வீடு அவளுக்குத்தான். பெற்றவர்கள் அதே வளவின் ஒரு மூலைக்கு ஒதுங்கி, அடுத்த மகளுக்கு அங்கே இன்னொரு வீடு எழுப்புவார்கள். இது எனக்குத் தெரியாத சங்கதியா? இந்தப் பக்கத்தில்தானே பிறந்தேன்! ஆனால் ஏட்டுச் சுரைக்காயைத்தான் நான் வரைந்திருந்தேன். வீட்டைச் சுற்றி மிஞ்சியது ஒடுங்கிய சந்துகள் மட்டுமே; இன்னொரு வீட்டுக்கு இடமில்லை.

"சின்னவளுக்கு நல்ல மாப்பிள்ள ஒண்டு வந்திச்சு," என்றார். "வளவப் பாத்துட்டு, இவளுக்கு வீட்ட எங்க வைக்கப் போறீங்க எண்டு கேட்டாங்க. அப்பிடியே எழும்பிப் போயிட்டாங்க."

தட்டிக்கு அப்பால் தறிச் சத்தம் நின்றது. சின்னவள் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கல்யாணத்தைக் கெடுத்த பாவி நான்தான் என்று நெஞ்சு குத்தியது.

அவர் என்னைக் குறை சொல்லவேயில்லை. தேத்தண்ணியை நீட்டியபடி, சும்மா கதைக்கிற மாதிரிக் கேட்டார்.

"ஒங்கட வீடும் நீங்க படம் கீறினதா தம்பி?"

"இல்ல ராத்தா. பொஞ்சாதிட வீடு. மாமா கட்டித் தந்தது."

"மாமாவும் மாமியும் எங்க இரிக்காங்க?"

"பின்னால, வளவு மூலையில. கொட்டில் போட்டு இரிக்காங்க."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "அவங்களுக்கு ஒரு மூலையாவது இரிக்கே."