கலஹாவில் புகைக்கூண்டு சாய்ந்த நாள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநான்காம் ஆண்டு மாசியில், மழை குறைந்த நாட்களாகப் பார்த்துக் கண்டி மலைப்பக்கத்துக் கலஹாவுக்குப் போனேன். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் எண்பதடிப் புகைக்கூண்டு ஒன்று வெடிப்பு விட்டு நின்றது. அதை ஆபத்தில்லாமல் விழுத்தத் திட்டம் போடுவது, கொழும்பில் கட்டட இஞ்சினியராக இருந்த என் பொறுப்பு.

காலை ரயிலில் வந்து பேராதனைச் சந்தியில் இறங்கினால் கலஹா பஸ் கிடைக்கும். முப்பது சதம். வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர்கள் சாப்பிடாமல் ஏறுவது நல்லது. நான் தோசை சாப்பிட்டுவிட்டு ஏறி, டிரைவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

இடிக்கும் வேலையை எடுத்திருந்த கொந்தராத்துக்காரர், மடவளை ஊர்க் காசிம் நானா, முன்பே வந்திருந்தார். இருவரும் சேர்ந்து அளந்தோம். ஒரு பக்கம் ஃபாக்டரி, மறுபக்கம் தொழிலாளர் குடியிருக்கும் லயம், நடுவில் வெற்றுச் சரிவு. சரிவுப் பக்கத்து அடிச்செங்கல்லை எடுத்து, மரமுட்டுக் கொடுத்து, முட்டுக்கு நெருப்பு வைத்தால் கூண்டு அந்தப் பக்கம் சாயும். பிசகினால் லயத்தின்மேல் விழும். அதனால் லயத்தைக் காலி செய்யச் சொன்னேன்.

குறித்த நாளன்று சனமெல்லாம் சோற்றுப் பொட்டலத்தோடு எதிர்மேட்டில் திருவிழாக் கூட்டம்போல் உட்கார்ந்திருந்தது. பந்தமும் கொளுத்தியாயிற்று. கடைசியாக ஒருமுறை லயத்தைச் சுற்றிப் பார்க்கப் போனேன். பின்கொட்டிலில் மாரியாயி என்ற கொழுந்தெடுக்கும் பெண், தன் பசுவின் அருகில் குந்தியிருந்தாள்.

"கன்னுக் காலு வெளிய வந்துருச்சுங்கய்யா. இப்ப எப்படி ஓட்டிட்டுப் போறது?"

"நீயாவது வெளியில வா, பிள்ளை."

"இவள விட்டுட்டு வரமாட்டேங்க."

பின்னால் வந்த காசிம் நானா பதறினார். "அடிச்செங்கல் எடுத்தாச்சு சேர். பகல் பன்னெண்டுக்குப் பிறகு காத்து லயத்துப் பக்கம் திரும்பும். காத்திருக்க ஏலாது."

அவர் சொன்னதும் நியாயம். ஆனால் உள்ளே ஆள் இருக்க நெருப்பு வைக்க என்னால் முடியாது.

"பந்தத்தை அணையுங்கோ நானா. இன்னும் ரெண்டு முட்டு குடுங்கோ. கன்று வரட்டும்."

முட்டுக் கொடுத்துவிட்டு வந்த நானா, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கன்றை இழுக்க மாரியாயிக்குக் கைகொடுத்தார். நான் கூண்டையும் பசுவையும் மாறிமாறிப் பார்த்து வியர்த்தேன். கன்று விழுந்ததும் நானா அதைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட, பசு கதறிக்கொண்டு பின்னாலேயே நடந்தது; மாரியாயியும் கூடவே போனாள்.

காற்று திரும்புமுன் நெருப்பு வைத்தோம். முட்டுகள் வெடித்தன. கூண்டு ஒரு கணம் யோசிப்பதுபோல் நின்று, சரிவில் நாங்கள் குறித்த இடத்திலேயே நீட்டி விழுந்தது. பெருமையோடு மேட்டைத் திரும்பிப் பார்த்தேன். எழுந்து நிற்கத் தடுமாறும் கன்றைத்தான் பாதிச் சனம் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்கள் ஆட்களை எண்ணுவதோடு நிற்காமல், கொட்டில்களுக்குள்ளும் தலையை நீட்டிப் பாருங்கள். ஊர் பார்க்கப் போகிறவர்கள் கடைசி பஸ் பொழுது சாயுமுன் போய்விடும் என்பதை மறவாதீர்கள். நான் அதைத் தவறவிட்டு, மாரியாயி வீட்டு வாசலில் உட்கார்ந்து, வெல்லம் போட்டுக் காய்ச்சிய சீம்பாலை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.