இளைத்த குழந்தைகள் வராத தராசு

குழந்தை வைத்தியத்தோட ஆராய்ச்சியும் சேர்த்துப் பண்றவங்களை வார்டுல பார்த்தா "நோட்டுக்காரி"ம்பாங்க, ஆராய்ச்சிக்காரங்க பார்த்தா "ஊசி போடறவ"ம்பாங்க. நோயாளி பேச மாட்டான், அவன் அம்மா பேசறதை நிறுத்த மாட்டா, நடுவுல நாம பேனாவோட நிக்கணும். இந்தப் பாட்டைப் பட்டவங்க யாராவது இதைப் படிச்சா, வாங்க, பக்கத்துல உக்காருங்க.

எழுபதுகளோட கடைசி. மெட்ராஸ்ல எம்.டி. படிச்சுக்கிட்டிருந்த என்னைப் பேராசிரியர் திருவண்ணாமலைக்கு அனுப்பினார். காலையில ஆஸ்பத்திரி வார்டு. மத்தியானம் மலையடியில இருக்கற அடி அண்ணாமலை கிராமத்துல அறுபது பச்சைக் குழந்தைங்களை மாசாமாசம் நிறுத்து எழுதணும். ஒரு வருஷம் எழுதினாத்தான் ஆய்வேடு, ஆய்வேடு இருந்தாத்தான் பரீட்சை. "பேசாம ஒரு கிளினிக் போட்டு உக்காரு"ன்னு வீட்டுல எல்லாரும் ஓதினாங்க. முடியவே முடியாதுன்னு பெட்டியைத் தூக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

முதல் நாள் வியாபாரம்

கொக்கித் தராசை வேப்பமரத்துல மாட்டிட்டு ரெண்டு மணி நேரம் உக்காந்திருந்தேன். ஒருத்தியும் கிட்ட வரலை. புள்ளைய நிறுத்தா கண்ணு பட்டுடுமாம். என்னோட வந்த ஆஸ்பத்திரி ஆயா சரோஜா பார்த்தா, ஒரு பழைய புடவையைக் கிழிச்சுக் கொக்கியில ஏணை மாதிரி கட்டிட்டா. ஏணையில புள்ளையப் போட எந்த அம்மாவுக்குப் பயம்? அரை மணியில வரிசை நின்னுடுச்சு.

அப்பவும் முனியம்மான்னு ஒருத்தி மட்டும் புள்ளையை மார்போட அணைச்சுக்கிட்டுத் தள்ளியே நின்னா. கெஞ்சிக் கூத்தாடி வரவழைச்சேன். ஏணையில போட்டுட்டு என்னை ஒரு முறை முறைச்சா: "நிறுத்துப் பாக்க எம்புள்ள இன்னா கத்திரிக்காயா?"

எல்லாரும் அண்ணாமலை

பொறந்தப்ப குழந்தைங்களுக்குப் பேர் இல்லை. "முனியம்மா குழந்தை", "செல்வி குழந்தை"ன்னு சீட்டு எழுதினேன். பேர் வெச்சதும் புதுச் சீட்டு போட்டேன் பாருங்க, அங்கதான் சனியன் புடிச்சுது. பசங்கள்ல பாதி அண்ணாமலை, மீதி அருணாசலம். பொண்ணுங்கன்னா உண்ணாமலை. சீட்டெல்லாம் மாறிப்போய் ஒரு மாசத்து எடை முழுக்க ஏறுக்குமாறு. ஒருத்தன் ஒரே மாசத்துல ரெண்டு கிலோ ஏறியிருந்தான்.

உக்காந்து மறுபடி அம்மா பேர்லயே எழுதினேன். விரல் வலியில சரோஜாகிட்ட எரிஞ்சு விழுந்தேன், "வேற பேரே கிடைக்கலையா உங்க ஊர்ல?"ன்னு. அவ அசரலை. "எதிர்ல அவ்ளோ பெரிய மலைய வெச்சுக்கினு வேற பேரு எப்படிம்மா தோணும்?"

தங்கமான கோடு

எனக்கு வாய் ஜாஸ்தி, ஒத்துக்கறேன். குண்டுப் புள்ளைக்குக் கொஞ்சல், இளைச்ச புள்ளையோட அம்மாவுக்கு எல்லார் எதிர்லயும் அர்ச்சனை. "புள்ளைக்கு ஊட்டறியா, இல்ல நீயே முழுங்கிடறியா?"ன்னு கூடக் கேட்டிருக்கேன். எல்லாம் புள்ளைங்க நல்லதுக்குன்னு நெனப்பு.

எட்டு மாசம் ஆச்சு. வரைபடத்துல எடைக் கோடு படி ஏறுற மாதிரி ஏறிக்கிட்டே போச்சு. பேராசிரியர் மெட்ராஸ்லேருந்து வந்து பார்த்தார். ரெண்டரை வருஷத்துல ஒரு தடவை கூடச் சிரிக்காத மனுஷன் அன்னிக்குச் சிரிச்சார். "தங்கமான கோடும்மா. முடிச்சதும் நேரா அச்சுக்கு அனுப்பிடலாம்."

தழும்பு

ஒன்பதாவது மாசம் முனியம்மா கொண்டாந்த பையன் கொழுகொழுன்னு இருந்தான். கொஞ்சிட்டு எழுதப் போனவ, இடது கையைப் பார்த்தேன். நானே போட்ட காசநோய்த் தடுப்பூசித் தழும்பு காணோம். தழும்பு எங்கயும் நடந்து போகாதே!

"இது யார் புள்ள?"

"எங்க ஓரகத்தி புள்ள."

"உன் புள்ள எங்க?"

"வூட்ல. மூணு நாளா வயித்தால போவுது."

தராசை அப்படியே விட்டுட்டு ஓடினேன். பையனுக்குக் கண்ணு உள்ள போயிருந்துச்சு, நாக்கு வறண்டிருந்துச்சு, தோலைக் கிள்ளினா கிள்ளினபடியே நின்னுச்சு. அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. கொதிச்சு ஆறின தண்ணியில உப்பும் சர்க்கரையும் கலந்து ஸ்பூன் ஸ்பூனா விட்டேன். கக்கினான். கொஞ்சம் பொறுத்து மறுபடி விட்டேன். பஸ் வந்தப்ப கண்ணைத் திறந்து ஸ்பூனை எட்டிப் புடிச்சான். பஸ்லயும் விடாம ஊட்டினேன். ஆஸ்பத்திரி வாசல்ல எறங்கும்போது என் புடவை நனைஞ்சுது. பய ஒண்ணுக்குப் போயிட்டான்! உடம்புல தண்ணி சேர்ந்துடுச்சுன்னு அர்த்தம். சந்தோஷத்துல எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அப்புறம் கேட்டேன், "ஏன்மா, இவனையே தூக்கிட்டு வந்திருக்கலாமே?" முனியம்மா நிமிர்ந்து பார்க்கலை. "இளைச்ச புள்ளையத் தூக்கினு வந்தா நாலு பேர் எதிர்ல நீ திட்டுவியேன்னுதான், டாக்டரம்மா."

ஆறு மாசம்

அறுபது வீட்டுக்கும் போய்க் கேட்டேன். புள்ள இளைச்ச மாசம் சில பேர் வரவே இல்லை, சில பேர் வேற புள்ளையத் தூக்கிட்டு வந்திருக்காங்க. தங்கமான கோட்டை ஏத்தினது பாலும் சோறும் இல்ல, என் வாய். யாருக்கும் தெரியாது. மூணு மாசம் பல்லைக் கடிச்சா பட்டம் கையில. ஆனா அந்தக் கோட்டை நம்பி நாளைக்கு ஒரு டாக்டர் "இந்த ஊர்ல புள்ளைங்க நல்லா இருக்கு"ன்னு திரும்பிப் போயிடுவான். மனசு கேக்கலை. மெட்ராஸ் போய் எல்லாத்தையும் சொல்லிட்டேன். பேராசிரியர் நோட்டை மூடி வெச்சார். "சந்தேகமானதெல்லாம் அடிச்சிடு. இன்னும் ஆறு மாசம் வீடு வீடாப் போய் நிறுத்து. பரீட்சை ஆறு மாசம் தள்ளித்தான் போகும்."

பஸ் முழுக்க அழுதேன். இறங்கினதும் மூஞ்சியைக் கழுவிட்டுத் தராசைத் தோள்ல மாட்டினேன். வீடு வீடாப் போனேன், ஒரு வார்த்தை திட்டலை. கோடு தொங்கிடுச்சு. தொங்கட்டும், அதுதான் நிஜம். ரெண்டு மாசம் கழிச்சு முனியம்மாவே என்னைத் தேடி வந்தா. பின்னாடி ரெண்டு பொம்பளைங்க, இடுப்புல எலும்பும் தோலுமா ரெண்டு புள்ளைங்க. "இதுங்க உன் நோட்டுல இல்ல, தெரியும். நீ இப்ப திட்றதில்லன்னு நான்தான் இட்டாந்தேன். நிறுத்து, டாக்டரம்மா."

எம்.டி. பட்டத்துக்கு எல்லாருக்கும் மூணு வருஷம்தான். என் வாய்க்கும் சேர்த்து எனக்கு மட்டும் மூணரை.