வேகக்காரி அக்காவுக்கு வாய்ப்பூட்டு

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். மாணவருக்குப் பக்கத்தில் உட்காரும் அவள் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. அதை அழுத்தி அழுத்தியே அவளுக்கு ஒற்றைச் செருப்பு மட்டும் சீக்கிரம் தேய்ந்துவிடும். மாணவர்கள் நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் போதும், "எங்க, தீயணைக்கவா போறோம்?" என்பாள்.

அதே மகராசி கார் பந்தயம் பார்க்க டி.வி. முன்னால் உட்கார்ந்தால் வேறு பிறவி. உலகத்திலேயே வேகமான கார்களைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு வேகமா? இன்னும் பெரிய எஞ்சினா வைங்கய்யா!" என்று கத்துவாள். வளைவு வந்தால் மட்டும் பழக்கதோஷத்தில் தரையை ஓங்கி மிதிப்பாள். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டுவார்.

வீட்டில் நான்தான் எதிர்க்கட்சி. "வேகம் கூடக் கூட ஒருத்தரை ஒருத்தர் நெருங்கவே முடியாதுக்கா. முந்துறதுதானே பந்தயம்?" என்பேன். "சைக்கிள்லயே விழுந்தவன் நீ, பேசாத!" என்பாள். பதில் இல்லாதபோதெல்லாம் அவளுக்கு அந்தச் சைக்கிள் ஞாபகம் வந்துவிடும்.

போன மாதம் சண்டை முற்றிப்போய் ஒரு முடிவுக்கு வந்தோம். வாடகைக்குக் கிடைக்கும் குட்டிப் பந்தய வண்டிகளில் நானும் அவளும் அவள் கணவரான மாமாவும் இரண்டு முறை போட்டி போடுவது. முதலில் முழு வேகம், அப்புறம் குழந்தைகளுக்கு வைக்கிற வேகம். எது நல்ல பந்தயம் என்று அம்மா தீர்ப்பு சொல்வாள். வாதத்தில் தோற்றவர் இந்த சீசன் முடியும்வரை டி.வி. முன்னால் வாயைத் திறக்கக் கூடாது. பேசாமல் இருக்கச் சொன்னால் அக்காவுக்கு மூச்சே நின்றுவிடும். "யாருக்குடா பயம்?" என்று கை கொடுத்தாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

முதல் ஓட்டத்தில் அக்கா பறந்தாள். பின்னால் மாமா, கடைசியில் நான். அந்த வரிசை முடியும்வரை மாறவேயில்லை. இறங்கிப் பார்த்தால் அம்மா கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது ஓட்டம் இருக்கிறதே! நடந்தே முந்திவிடலாம் போன்ற வேகம். மூன்று வண்டியும் ஒட்டிக்கொண்டே போயின. நான் மாமாவை முந்த, மாமா அக்காவை முந்த, அக்கா எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே முந்த, அம்மா பெஞ்சு மேல் ஏறி, "விடாத! உள்பக்கமா போ!" என்று யாருக்கென்றே தெரியாமல் அலறினாள். கடைசி வளைவில் அக்காதான் முன்னால். பழக்கம் விடுமா? திரும்பப்போவதாகக் கையை நீட்டிக் காட்டினாள். ஒற்றைக் கையில் வண்டி அகலமாகத் திரும்ப, நான் உள்ளே நுழைந்துவிட்டேன். மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

"ரெண்டாவதுதான்," என்றாள் அம்மா. அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது.

அடுத்த பந்தயத்தன்று அக்கா சோபாவில் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நல்ல போட்டிதான். ஆனால் எனக்கு ஒன்றுமே ருசிக்கவில்லை. ஜெயித்த வாதத்தை யாரிடம் போய்ச் சொல்வது? மாமா டி.வி.யின் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். அப்போதும் வீடு வெறிச்சென்றுதான் இருந்தது. அவள் கத்தலுக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன். "அக்கா, யோசிச்சுப் பாத்தா நீ சொன்னதுதான் சரி. கார் இன்னும் வேகமாப் போனாத்தான் நல்லாருக்கும்."

அக்கா விருட்டென்று திரும்பினாள். முகம் சிவந்துவிட்டது.

"போடா லூசு! வேகம் கூடினா எவன்டா முந்துவான்?"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "முந்துறது என்னக்கா பெரிய முந்துறது?" என்று நானும் ஆரம்பித்தேன்.