ஆளுக்குப் பாதி மீசை

மூன்று முறை உலகக் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய், மூன்று முறையும் தோற்றுத் திரும்பிய அணி நெதர்லாந்து. இவ்வளவு தெரிந்தும் அதன்மேல் மீசையைப் பந்தயம் வைக்கிற மனிதரைத்தான் எனக்கு நிச்சயம் செய்திருந்தார்கள்.

எங்களுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். அண்ணனுக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு திருவனந்தபுரம் வந்துவிட்டோம். எனக்குப் பார்த்திருந்த அவருக்கும் அதே ஆபீஸ்தான். அண்ணன் அர்ஜென்டினா கட்சி. காலிறுதியில் இரண்டு அணிகளும் மோதப்போகின்றன என்றதும், தோற்ற அணிக்காரன் மீசையை எடுக்கவேண்டும் என்று கேன்டீனில் பேசி முடித்துவிட்டார்கள். இந்த ஊரில் அது சாதாரணப் பந்தயம். எங்கள் ஆட்கள் துக்க வீட்டில்தான் மீசை எடுப்பார்கள். கல்யாணமோ மார்கழி பிறக்குமுன், அடுத்த வாரமே. விஷயம் தெரிந்து அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்று நான் சரி என்றதில் அந்த மீசைக்கும் பங்குண்டு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

நெதர்லாந்து இரண்டு கோல் பின்தங்கி, கடைசி நிமிடத்தில் சமன் செய்து, பெனால்டியில் கோட்டைவிட்டது. காலையில் அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் வேண்டுமே! போனை நீட்டி, பெனால்டியில் முடிந்த ஆட்டம் அணியின் கணக்கில் தோல்வியாக ஏறாது, டிரா என்றுதான் ஏறும் என்று விளக்கினார். முன்பு அரையிறுதியில் இதே அர்ஜென்டினாவிடம் பெனால்டியில் போனதும் டிராதானாம். அப்படியென்றால் இப்போது அரையிறுதிக்குப் போவது யார் என்று அண்ணன் கேட்டான். கடைசியில் இருவரும் என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள்.

இருவரையும் வாய்வலிக்கத் திட்டிவிட்டு, டிரா என்றேன். கணக்கு அப்படித்தான் இருந்தது. ஆனால் நான் கணக்கைப் பார்த்தா சொன்னேன்? அண்ணனுக்கும் அது தெரிந்திருக்கும். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவன், அதன்பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாப்பிள்ளையைக் கைப்பிடித்து மண்டபத்துக்குள் அழைத்துவர வேண்டியவன் அவன். வராமல் இருந்துவிடுவானோ என்று பயந்தேன்.

கல்யாணத்தன்று மணப்பெண் அறை ஜன்னல் வழியாக வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கார் வந்து நின்றது. மாலையோடு அண்ணன் முன்னால் போனான். மேலுதடு வழவழவென்றிருந்தது. அவர் காரிலிருந்து இறங்கி, மாலையை வாங்கவும் மறந்து நின்றார்.

"டிரான்னா ஆளுக்குப் பாதி மீசை, அல்லே மாப்ள?" என்றான் அண்ணன். "ஒங்க பாதியையும் சேத்து நானே எடுத்தாச்சு, கேட்டியளா."

கண்மை கரையும் என்று அலங்காரம் செய்ய வந்த அக்கா அதட்டியும் எனக்கு அழுகை நிற்கவில்லை. பந்தியில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகக் குரலைத் தாழ்த்தி, யாருக்கு என்ன ஆயிற்று என்று அண்ணனிடம் விசாரித்தார்கள். நெதர்லாந்து போய்விட்டது என்று அவன் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டே பாயசம் பரிமாறினான்.