டோர்ட்டே கையில் சாவி

வலது கையில் பாதி கடித்த ரொட்டி. இடது கை இடது கண்ணைப் பொத்தியிருக்கிறது. மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணால் திரையில் உள்ள ஏழாவது படத்தை முறைத்துக்கொண்டிருக்கிறாள் டோர்ட்டே. படத்தில் தெரிவது துருப்பிடித்த ஒரு வளைவும் அதில் சிக்கிய கயிற்றின் நான்கு இழைகளும்தான்.

"ஊஞ்சல்," என்கிறாள் மென்றபடியே. "பூங்காவுல இருக்கறது இல்ல, வீட்டுத் தோட்டத்துல கட்டினது. கொக்கிய பாருங்க, கடைக் கொக்கியா அது? எவனோ ஒரு அப்பன் சுத்தியலால அடிச்சு வளைச்சிருக்கான்."

காதில் மாட்டியிருக்கும் பேசும் கருவியில் விளையாட்டுக் கூட்டாளிகள் மூன்று பேர் ஒரே நேரத்தில் "அட!" என்கிறார்கள். அவர்களில் ஒருவர் 'ஊஞ்சல்' என்று தட்டியதும் படத்தின் கீழே உள்ள கட்டம் பச்சையாகிறது. டோர்ட்டே அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எட்டாவது படத்துக்குப் போய்விட்டாள்.

வயது ஐம்பத்தேழு. ஹோர்சென்ஸ் பேருந்து நிலையத்தில், பயணிகள் மறந்து விட்டுப்போகும் பொருள்களைக் காக்கும் அறை அவளுடையது. ஒற்றைக் கையுறை, காது கேட்கும் கருவி, பல் செட், ஒருமுறை கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பனிக்கட்டியாய் உறைந்த முழு வாத்து என்று இருபத்திரண்டு வருடங்களாக எல்லாவற்றுக்கும் சீட்டுக் கட்டி அலமாரியில் அடுக்கி வருகிறாள். யாராவது வந்து "கறுப்புக் குடை" என்று சொன்னால் போதாது. "கறுப்புன்னா? இங்க நாப்பத்தோரு கறுப்புக் குடை கெடக்கு. கைப்பிடியில பல்லுத் தடம் இருக்கா இல்லியா? இருந்தா நாய்ப் பல்லா, குழந்தைப் பல்லா, அதச் சொல்லுங்க," என்பாள். வந்தவர் திருதிருவென்று விழிப்பார். தன் குடையைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் பாதிகூட அவருக்குத் தெரிந்திருக்காது.

அந்தக் கண்ணுக்கென்றே அமைந்தது இந்த இணைய விளையாட்டு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இருபத்து நான்கு படங்கள் வரும். ஒவ்வொன்றிலும் ஒரு பொருளின் கட்டைவிரல் அகலம் மட்டும் காட்டி, மற்றதை மறைத்திருப்பார்கள். நான்கு பேர் கொண்ட குழு சேர்ந்து என்னென்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். அது முதல் பாதி. இருபத்து நான்குக்கும் பொதுவான சங்கதி ஒன்று, மணிகளைக் கோர்க்கும் நூல் போல ஒளிந்திருக்கும். ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் அந்த நூல் என்ன என்று சொல்ல வேண்டும். அதற்கு ஒரே ஒரு வாய்ப்பு. தவறினால் தவறியதுதான்.

டோர்ட்டேயின் குழுவுக்கு 'ஈர மிதியடி' என்று பெயர். லோலான் தீவில் பீட்ரூட் பயிரிடும் ப்ரெபென், ஸ்காகன் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சோல்வாய், கோபன்ஹேகனில் பால் வண்டி ஓட்டும் இருபத்தாறு வயது அஸ்கர், அப்புறம் இவள். நூலைச் சொல்லும் உரிமைக்கு இவர்கள் வைத்திருக்கும் பெயர் சாவி. அது வாரம் ஒருவர் கைக்குப் போகும். மற்றவர்கள் நூலைக் கண்டுபிடித்துவிட்டாலும் சாவிக்காரருக்குச் சொல்லக் கூடாது. "காபி வெச்சாச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். ப்ரெபென் போட்ட சட்டம் இது. மீறினால் அடுத்த மாதம் முழுக்க அவர்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பார், மீறியவர் யாராக இருந்தாலும்.

சாவிதான் டோர்ட்டேக்குக் கண்டம். படத்தைப் பார்த்ததும் அவளுக்கு அதே போன்ற ஒரு பொருள், அதைத் தொலைத்தவர், அவர் அழுதது, எந்தத் தடப் பேருந்து, எல்லாம் வரிசையாக நினைவுக்கு வரும். அதை முடித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போவாள். நூல் என்று ஒன்று இருப்பது ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் உறைக்கும். மூன்று வருடங்களில் முப்பத்தோரு முறை சாவி அவளிடம் வந்தது. பன்னிரண்டு முறை தப்பாகச் சொன்னாள். மிச்சமுள்ள பத்தொன்பது முறையும், ஞாயிறு நண்பகலுக்குள் சாவியைக் கைமாற்றலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு வேறு யாரிடமாவது தள்ளிவிட்டாள். "எனக்கு பொருளுதான் தெரியும், தத்துவம் தெரியாது," என்று சிரிப்பாள். சிரித்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அன்றைக்குப் பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தம் போடும்.

இந்த நவம்பரில்தான் ஒரு சங்கதி அவள் கண்ணில் பட்டது. விளையாட்டுப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை, முறைப்படி சாவி அவளுக்கு வர வேண்டும். ப்ரெபென் தயாரித்த பட்டியலில் அந்த வாரத்துக்கு நேராக ப்ரெபென் பெயரே இருந்தது. போன வருடப் பட்டியலை எடுத்துப் பார்த்தாள். அதிலும் அப்படித்தான். எதையும் தொலைக்காத வீட்டில் ஏதோ தொலைந்துபோனது போல இருந்தது அவளுக்கு.

"ப்ரெபென், கடைசி வாரம் என் முறை."

"அது வந்து… பட்டியல்ல நான் ஏதோ தப்பா போட்டுட்டேன் போல."

"தப்பா போடல. ஐயோ பாவம்னு போட்ட. உன் பாவம் எனக்கு வேணாம். சாவிய குடு."

அந்தக் கடைசி வாரத்தை வென்றால் ஈர மிதியடி போட்டியின் முதல் வரிசைக் குழுக்களில் ஒன்றாக ஏறும். நான்கு வருடமாக ப்ரெபென் கண்ட கனவு அது. ஆனாலும் மனுஷன் மறுபேச்சுப் பேசாமல் கொடுத்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை பதினொரு மணிக்கெல்லாம் இருபத்து நான்கு கட்டங்களும் பச்சை. பதினாறு டோர்ட்டே கண்டுபிடித்தது. ஊஞ்சல், பூமராங், யோயோ, பெண்டுலம், வசந்தத்தில் வரும் நாரை, தபால் புறா, ஆறு ஏறும் சால்மன் மீன், தீவுக்குப் போய்வரும் படகு, நூலகப் புத்தகம், கடையில் கொடுத்தால் காசு கிடைக்கும் காலி பாட்டில், ஏறி இறங்கும் கடல் தூணில் விட்ட பச்சைக் கறை. நூல் என்ன என்று வாசகர்களுக்கு இப்போதே சொல்லிவிடலாம், அவளிடம் மட்டும் போய்ச் சொல்லிவிடாதீர்கள்: திரும்பி வருபவை. தொலைந்த பொருள்கள் திரும்பிப் போவதற்காகவே சம்பளம் வாங்குகிற பெண்ணுக்கு இது தெரியவில்லை! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்பது இதுதான்.

பன்னிரண்டு மணிக்கு அஸ்கர் "காபி வெச்சாச்சு" என்றான். ஒரு மணிக்கு சோல்வாய். வயலிலிருந்து மாலை திரும்பிய ப்ரெபென், சேற்றுக் காலணியைக்கூடக் கழற்றாமல், "காபி வெச்சாச்சு, டோர்ட்டே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நால்வரும் காலையிலிருந்தே இணைப்பில் இருந்தார்கள். மூன்று பேருக்கும் வாயில் கொழுக்கட்டை. மழையைப் பற்றிப் பேசினார்கள், பீட்ரூட் விலையைப் பற்றிப் பேசினார்கள். நண்பகல் மணி அடித்தது. சாவியைத் தள்ளிவிட இனி வழியில்லை. டோர்ட்டே தள்ளவும் இல்லை.

இரண்டு மணிக்கு ப்ரெபென் எழுந்தார். "நாய வெளிய விட்டுட்டு வந்துடறேன். போயிட்டு ஒடனே திரும்பி…"

"ப்ரெபென்!" என்று அலறினான் அஸ்கர். "வாய மூடு!"

"நாய வெளிய விடக்கூட கூடாதா? ஏன் அந்த மனுஷன திட்டற?" என்று டோர்ட்டே அவருக்காகப் பரிந்துகொண்டு வந்தாள். சோல்வாய்க்கு இருமல் வந்துவிட்டது. அது இருமல் இல்லை.

மூன்று மணிக்கு அவளிடம் ஒரு விடை இருந்தது. கருவியை அணைத்துவிட்டுக் கணவன் ஹென்னிங்கிடம் சொன்னாள். "பஸ்ல மறந்து வெச்சுட்டுப் போற சாமான். பாரேன், புத்தகம் வந்திருக்கு, பாட்டில் வந்திருக்கு, யோயோ ஏழு தடவ வந்திருக்கு. பூமராங் ஒருத்தன் நாலாம் நம்பர் வண்டியில விட்டுட்டுப் போனான்."

"நாரை?"

அவள் நாரைப் படத்தைத் தேடிப் பார்த்தாள்.

"நாரை எந்த வண்டியில ஏறிச்சு? சீட்டு வாங்கிச்சா?"

"போய் உன் வேலைய பாரு," என்றாள். ஆனால் விடையை அனுப்பும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது. முப்பத்திரண்டாவது முறையும் இப்படித்தானா என்று நினைத்தாள். அவர்கள் ஒரு வார்த்தை சொல்லி அவளைத் திட்டப்போவதில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஹென்னிங் வேலையைப் பார்க்கத்தான் போனான். சமையலறைச் சுவரில் ஒரு பலகை அடிப்பதாக ஆகஸ்டிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தான். ஐந்து மணிக்குச் சற்று முன்னால் மேசை மேல் ஏறி, இரும்பு அளவு நாடாவைச் சுவரோடு இழுத்து, பென்சிலால் ஒரு கோடு போட்டு, நாடாவை விட்டான். சர்ரென்று ஓடிவந்து பெட்டிக்குள் அடங்கியது.

டோர்ட்டே தலையைத் தூக்கினாள்.

"என்ன பண்ணின?"

"அளந்தேன். தப்பா?"

"இன்னொரு வாட்டி பண்ணு."

இழுத்தான், விட்டான். சர்ர்.

"இன்னொரு வாட்டி."

"கை வலிக்குதும்மா. எண்பத்தி நாலு சென்டிமீட்டர்தான், எத்தன வாட்டி அளந்தாலும் அது…"

"இழுடா!"

முப்பது வருடக் குடித்தனத்தில் அவள் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. இழுத்தான். விட்டான். அளவு நாடா அந்த இருபத்து நான்கு படங்களில் இல்லவே இல்லை. ஆனால் அது ஓடி அடங்கிய சத்தத்தில் ஊஞ்சல் திரும்பியது, மீன் திரும்பியது, படகு துறைக்கு வந்தது, நாரையும் சீட்டு வாங்காமல் வந்து சேர்ந்தது. டோர்ட்டே ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொள்ள மறந்துபோனாள். இரண்டு கண்ணாலும், வாயைத் திறந்தபடி, முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரைக்கும் ஒரே மூச்சில் பார்த்தாள்.

கருவியை மாட்டினாள். மணி ஐந்து.

"பாத்துட்டேன்," என்றாள்.

தட்டினாள், சின்னதாக இரண்டே சொற்கள். அவள் திரையில் எழுதுவது மற்ற மூன்று திரையிலும் தெரியும். லோலானில் ஒரு நாற்காலி பின்பக்கமாகச் சாயும் சத்தம் கேட்டது, நாய் குரைத்தது.

"அழுத்து!" என்று சோல்வாய் கத்தினாள். "டோர்ட்டே, அழுத்து!"

"அழுத்தும்மா தாயே!" இது அஸ்கர். "நேத்து மத்தியானத்துலேந்து நான் சரியா சாப்பிடல!"

ப்ரெபென் அழுதுகொண்டிருந்தார் என்று பிறகு சோல்வாய் எல்லாரிடமும் சொன்னாள். பீட்ரூட் தூசி என்று அவர் இன்றுவரை சாதிக்கிறார்.

"ஆறு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல?" என்றாள் டோர்ட்டே.

"இருக்கு, ஆனா…"

"அப்ப இருங்க. மூணு வருஷமா நீங்கல்லாம் இத எப்படிப் பாத்தீங்கன்னு எனக்குத் தெரியாது. நானும் கொஞ்ச நேரம் பாத்துக்கறேன்."

நாற்காலியை மேசையை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு, அவசரப்பட்டு எதையும் அழுத்திவிடாதபடி இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் நன்றாக உட்கார்ந்துகொண்டாள்.