ஃபார்மட் செய்யவா என்று கேட்டது

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலை, புதியம்புத்தூரிலிருந்து எங்கள் கோவில்பட்டி வீட்டுக்கு ஜெபராணி வந்தார். என் மனைவியின் கல்லூரித் தோழி. அங்கே ரெடிமேட் உடை தைக்கும் யூனிட் நடத்துகிறார். கையில் சோப்புக்கட்டி அளவில் ஒரு ஹார்ட் டிஸ்க்.

“யூனிட் கம்ப்யூட்டர் நேத்து செத்துப்போச்சு அண்ணாச்சி. எல்லாம் இதுல இருக்கு. நாளைக்கு துணி கட்டிங். ஒங்க லேப்டாப்புல போட்டுப் பாக்கணும்.”

எல்லாம் என்றால்? ஒரு சிறப்புப் பள்ளியின் நாற்பது பிள்ளைகளுடைய சீருடை அளவுகள். ஒருவனுக்கு வலது கை குட்டை. ஒருத்தி நாள் முழுக்கச் சக்கர நாற்காலியில். ஸ்மால், மீடியம், லார்ஜ் எதுவும் அங்கே செல்லாது. இரண்டு மாதம் பஸ் ஏறிப் போய், ஒவ்வொருவரையும் அவரே அளந்து எடுத்தவை.

என் லேப்டாப்புக்குப் பத்து வயது. டிஸ்க் ஒயரின் முனையோ டைப்-சி; லேப்டாப்பில் அதற்குத் துளை கிடையாது. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு குட்டி அடாப்டர் வாங்கி வந்து மாட்டினேன்.

லைட் எரிந்தது... மங்கியது... மறுபடி எரிந்தது. உள்ளே டிக், டிக். திரையில் ஒரு பெட்டி — ‘இந்த டிஸ்கை ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும். செய்யவா?’

ஜெபராணியின் விரல் மவுஸுக்குப் போய்விட்டது. “ஆமான்னு குடுத்திரவா?”

“தொட்டிராதீங்க. அமுக்கினா அம்புட்டும் அழிஞ்சிரும்.”

ஒயரைக் கழற்றினேன். ஜெபராணி தனக்குப் பழக்கமான கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவருக்கு போன் போட்டார். பேசி முடித்ததும் சத்தமில்லாமல் சொன்னார்: “டிஸ்க்கு போயிருக்கும்னு சொல்லுதாவ.”

எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடாப்டர் முனையைத்தான் மாற்றும். கரண்டைக் கூட்டித் தராது. பழைய லேப்டாப் கொடுக்கும் கரண்ட் சில டிஸ்குகளுக்குப் போதாது. மங்கி எரிந்த லைட் அதைத்தான் சொன்னது.

“அரை மணி நேரம் குடுங்க. இது போகல.”

மறுபடி கடைக்கு ஓடினேன். சுவரில் தனியாகச் செருகிக் கரண்ட் எடுக்கும் யுஎஸ்பி ஹப் ஒன்று வாங்கினேன். ஹப்பை லேப்டாப்பில், டிஸ்கை ஹப்பில்.

லைட் மங்கவில்லை. டிக் சத்தம் இல்லை. ஃபோல்டர் திறந்தது.

நாற்பது பெயர்கள். ஜெபராணி திரையில் விரல் வைத்து ஒவ்வொரு பெயராக வாசித்தார். நாற்பதாவது பெயரும் வந்தது. அப்புறம்தான், வந்ததும் என் மனைவி கொடுத்து ஆறிப்போயிருந்த காபியை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

யோசித்துப் பாருங்கள். அவசரத்தில் இருக்கிறவர்கள், திரை எதைக் கேட்டாலும் ‘ஆமாம்’ என்றுதான் சொல்கிறார்கள். சொல்லாமல் ஒயரைக் கழற்றவும் நமக்கு உரிமை உண்டு. பல நேரம் அதுதான் சரியான பதில்.

லேப்டாப்பில் ஒரு காப்பி, பென் டிரைவில் ஒரு காப்பி போட்டுக் கொடுத்தேன். “ரெண்டு எதுக்கு அண்ணாச்சி? டிஸ்க்குதான் நல்லா இருக்குல்லா?” என்றார்.

ஒரே ஒரு காப்பியை வைத்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் பேக்கப் இல்லை — வேண்டுதல்.